டாங்கி விற்ற பணமும் கலைஞரின் சம்பளமும்

1945 ஏப்ரல் இறுதியில் வட இத்தாலி பாசிசத்திடமிருந்தும் ஜெர்மன் ராணுவத்திடமிருந்தும் விடுபட்டது. ரெஜ்ஜோ எமிலியா நகரத்தை ஒட்டிய வில்லா செல்லா என்ற சிற்றூரில், பின்வாங்கிய ஜெர்மானியர்கள் விட்டுப்போன ஒரு டாங்கியும் சில லாரிகளும் குதிரைகளும் கிடந்தன. ஊரார் அவற்றை விற்றார்கள். கையில் பணம் வந்ததும் அதை வைத்து என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. ஆண்களில் சிலர் நாடகக் கொட்டகை கட்டலாம் என்றார்கள், பெண்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றார்கள் என்று அந்த ஊர்க் கதையில் சொல்வதுண்டு. எழுந்தது பள்ளிதான். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கற்களைப் பெண்கள் பொறுக்கிச் சுத்தம் செய்தார்கள். மணல் ஆற்றிலிருந்து வந்தது. பகலில் பிழைப்பைப் பார்த்துவிட்டு, இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கட்டினார்கள்.

கல்வியியல் மாணவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். மிதிவண்டியில் வந்து அந்தக் கட்டுமானத்தைப் பார்த்து வியந்து, தன் வாழ்நாள் முழுவதையும் குழந்தைக் கல்விக்குக் கொடுத்த லோரிஸ் மாலாகுட்ஸி என்ற இளம் ஆசிரியரின் கதையாகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மாலாகுட்ஸியின் பங்களிப்பு பெரிது. அதில் ஐயமில்லை. ஆனால் அவர் மிதிவண்டியை விட்டு இறங்கும் முன்பே செங்கல் அடுக்கப்பட்டுவிட்டது. அடுக்கிய கைகளுக்குப் பெயரில்லை. இந்தக் கட்டுரை அதே வரலாற்றைப் பணத்தின் வழியே படிக்க முயல்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு ஒரு கலைஞர் வேலை செய்தால் அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது, எந்தக் கணக்கில் கொடுப்பது, ஏன் கொடுப்பது? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டே போனால், பெண்களின் உழைப்பை ஒரு சமூகம் எப்படிக் கணக்கில் எழுதுகிறது, எப்படி எழுதாமல் விடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

சுவரைக் காக்க வந்த பணம்

குழந்தைகளுக்குப் பணம் ஒதுக்கப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. எதற்காக ஒதுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. 1907 ஜனவரி 6 அன்று ரோமின் ஏழைத் தொழிலாளர் பகுதியான சான் லொரென்ஸோவில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அதற்கு இடமும் பணமும் தந்தது அங்கே குடியிருப்புகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒரு கட்டட நிறுவனம். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, தனியே விடப்பட்ட பிள்ளைகள் புதுச் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. உலகக் கல்வி வரலாற்றையே மாற்றிய ஒரு முயற்சிக்கு முதல் நிதி வந்தது சுவரைக் காப்பாற்றுவதற்காக.

1925இல் பாசிச அரசு, தாய்மைக்கும் குழந்தைமைக்கும் என்று ஒரு தேசிய நிறுவனத்தை அமைத்தது. இந்த முறை காக்கப்பட வேண்டியது தேசத்தின் மக்கள்தொகை. பெண் அதிகம் பெற வேண்டும், பெற்றவை பிழைக்க வேண்டும், ஆண்கள் படைக்கு வேண்டும். அதனால் அந்த நிறுவனத்தின் காப்பகங்களில் எடை பார்ப்பதும் பால் அளப்பதும் தொற்று வராமல் தடுப்பதுமே முதன்மை. மற்றபடி சிறு குழந்தைகளுக்கான பள்ளிகள் பெரும்பாலும் கன்னியாஸ்திரிகளின் பொறுப்பில் இருந்தன. அவர்களின் உழைப்பு தொண்டு என்ற கணக்கில் போயிற்று. குழந்தைக்கு உடல் இருக்கிறது, ஆன்மா இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர்கள், அதற்குக் கற்பனை இருக்கிறது, அதற்கும் செலவு செய்ய வேண்டும் என்று நினைக்கவில்லை.

நகராட்சிச் சம்பளப் பட்டியல்

பாசிசத்துக்கு எதிரான போரில் தகவல் கொண்டுசென்றவர்கள், ஆயுதம் ஏந்தியவர்கள், தலைமறைவாக இருந்தவர்களுக்குச் சோறு கொடுத்தவர்கள் என்று பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் 1944இல் தொடங்கிய இத்தாலியப் பெண்கள் சங்கம் போர் முடிந்தபின் குழந்தைப் பள்ளிகளை எடுத்து நடத்தியது. 1946இல் இத்தாலியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். வாக்குரிமையும் குழந்தைப் பள்ளியும் அவர்களுக்கு இரண்டு தனித்தனி விஷயங்களாக இருக்கவில்லை. வயலுக்கும் ஆலைக்கும் போகிற பெண்ணின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது அரசியல் கேள்வி என்று அவர்கள் பேசினார்கள். பல ஆண்டுகள் இந்தப் பள்ளிகள் நன்கொடையிலும் உடலுழைப்பிலும் ஓடின. இப்படியே நீடிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்தது. நகராட்சியை நெருக்கினார்கள். 1963இல் ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி தன் முதல் குழந்தைப் பள்ளியைத் திறந்தது. 1967இல் பெண்களும் பெற்றோரும் நடத்திவந்த பழைய பள்ளிகள் நகராட்சியின் பொறுப்புக்கு வந்தன.

இங்கேதான் நம் கேள்விக்கு முக்கியமான திருப்பம் வருகிறது. இந்த நகராட்சிப் பள்ளிகளில் வகுப்பு ஒன்றுக்கு இரண்டு ஆசிரியர்கள். அவர்களோடு, கலை பயின்ற ஒருவரையும் பள்ளியின் நிரந்தரப் பணியாளராகச் சேர்த்தார்கள். அவருக்கு அதெலியெரிஸ்தா என்று பெயர். பட்டறைக்காரர் என்று சொல்லலாம். பள்ளிக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை. களிமண், கம்பி, காகிதம், வெளிச்சம், நிழல், கண்ணாடி என்று பொருள்கள் இருக்கும். வாரத்துக்கு ஒரு பாடவேளை வந்து ஆப்பிள் வரையக் கற்றுக்கொடுக்கும் ஓவிய ஆசிரியர் இல்லை இவர். நாள் முழுக்க அங்கேயே இருப்பார். ஒரு பிள்ளை மழைத்தண்ணீர்த் தேக்கத்தில் மரத்தின் நிழலைப் பார்த்து நின்றுவிட்டால், அந்த நிற்றலிலிருந்து என்ன செய்யலாம் என்று ஆசிரியரோடு சேர்ந்து யோசிப்பார். பிள்ளைகள் சொன்னதையும் செய்ததையும் குறித்துவைப்பார், படம் எடுப்பார், சுவரில் ஒட்டுவார். பெற்றோர் மாலையில் வந்து படிப்பார்கள்.

1970இல் டயானா என்ற நகராட்சிப் பள்ளிக்கு வேயா வெக்கி என்ற பெண் பட்டறைக் கலைஞராக வந்தார். 30 ஆண்டுகள் அங்கேயே வேலை செய்தார். 1991இல் நியூஸ்வீக் இதழ் உலகின் சிறந்த பள்ளிகள் என்று தேர்ந்தெடுத்தவற்றில் டயானாவும் ஒன்று. ஊரெல்லாம் அந்தப் பள்ளியைப் பார்க்க வந்தது. பார்க்க வந்தவர்கள் பிள்ளைகளின் சிற்பங்களைப் பார்த்தார்கள், வெளிச்சம் விழும் ஜன்னல்களைப் பார்த்தார்கள். 30 ஆண்டு என்ற எண்ணைப் பலர் பார்க்கவில்லை. ஒரு கலைஞர் ஒரே பள்ளியில் 30 ஆண்டு இருக்க வேண்டுமானால் அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும், விடுப்பு வேண்டும், ஓய்வூதியம் வேண்டும். அடுத்த வருடம் இந்தத் திட்டம் உண்டா இல்லையா என்ற பயம் இல்லாமல் தூங்க வேண்டும். டயானாவின் அழகுக்குப் பின்னால் நகராட்சியின் சம்பளப் பட்டியல் இருந்தது.

தாய்மை என்ற சொல்லின் விலை

ரெஜ்ஜோ எமிலியா ஒரு விதிவிலக்கு. நாட்டின் பொதுப்போக்கு வேறாக இருந்தது. 1968இல் இத்தாலிய நாடாளுமன்றம், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி என்று சட்டம் இயற்றியது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்தச் சட்டம் அந்தப் பள்ளிகளுக்கு வைத்த பெயர் 'தாய்மைப் பள்ளி'. அங்கே வேலை செய்ய வேண்டியவர்கள் பெண்கள் மட்டுமே என்றும் விதித்தது. ஆண்களுக்கு அந்த வேலை திறந்தது 1977இன் சமத்துவச் சட்டத்துக்குப் பிறகுதான். வேலைவாய்ப்பில் பெண்ணுக்கு முன்னுரிமை என்று இதை வாசிக்கலாம். ஆனால் ஒரு வேலையைத் தாய்மை என்று அழைத்தவுடன் என்ன நடக்கிறது? அது இயல்பாக வருவது, கற்றுக்கொள்ளத் தேவையில்லாதது, ஆகவே அதற்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லாதது என்று ஆகிவிடுகிறது. ரெஜ்ஜோ எமிலியாவினர் தங்கள் பள்ளிகளைக் குழந்தைமைப் பள்ளிகள் என்று அழைத்தார்கள். தாயை வைத்துப் பெயரிடுவதற்கும் குழந்தையை வைத்துப் பெயரிடுவதற்கும் உள்ள வேறுபாடு சம்பளக் கணக்கில் தெரியும்.

1971இல் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சட்டம் வந்தது. பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போராடிப் பெற்றது அது. ஐந்து ஆண்டுகளில் 3,800 குழந்தைக் காப்பகங்கள் என்று திட்டமிட்டார்கள். குறித்த காலத்தில் அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் அதே ஆண்டில் ரெஜ்ஜோ எமிலியா தன் முதல் நகராட்சிக் காப்பகத்தைத் திறந்து, அதற்கு ஜெனோவெஃபா செர்வி என்று பெயரிட்டது. ஏழு மகன்களை ஒரே நாளில் பாசிஸ்டுகளின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த விவசாயத் தாய் அவர். அடுத்த ஆண்டே இறந்துபோனவர். அவர் பெயரைச் சிலைக்குக் கொடுக்காமல், கைக்குழந்தைகள் தவழும் இடத்துக்குக் கொடுத்தார்கள்.

கைதட்டத் தெரியாத பார்வையாளர்

பள்ளிக்குள் ஓவியமும் சிற்பமும் வந்துவிட்டன. நாடகம்? 1976இல் பொலொன்யாவில் தொடங்கிய லா பராக்கா என்ற நாடகக் குழு, 1987இல் நகரத்தின் காப்பகங்களோடு சேர்ந்து மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாடகம் செய்யத் தொடங்கியது. நடக்கப் பழகும் குழந்தை நாடகம் பார்க்குமா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அதற்குப் பின் பல நாடுகளில் அந்த வேலை தொடர்ந்தது. நார்வேயில் 2000 முதல் 2002 வரை, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கலைக்கென்றே கிளாங்ஃபூகல் என்ற திட்டத்தை அரசின் கலை மன்றம் நடத்தியது. அதன் தொடர்ச்சியாக 2003 முதல் 2006 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் பல நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள்.

சுவீடனின் கதை பெண்ணிய வாசகருக்கு நெருக்கமானது. சுசான் ஓஸ்டென் 1970களின் தொடக்கத்தில் மார்கரெத்தா கார்ப்பேயோடு சேர்ந்து பெண் விடுதலை நாடகங்களை எழுதியவர். 1975இல் ஸ்டாக்ஹோமில் உங்கா கிளாரா என்ற சிறார் நாடகக் குழுவைத் தொடங்கினார். பெண்கள் அரங்கிலிருந்து சிறார் அரங்குக்கு அவர் வந்ததை ஒரு சறுக்கலாகப் பார்த்தவர்கள், அவருடைய நாடகங்களின் கேள்வியைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. குழந்தையின் இடத்திலிருந்து அதைக் கேட்டார். 2006இல் ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்று பேபிடிராமா என்ற நாடகத்தை அரங்கேற்றினார். 1974இலேயே தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான சம்பளத்துடன் கூடிய பிள்ளைப்பேறு விடுப்பைக் கொண்டுவந்த நாடு அது. பகல் நேரத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் நாடகத்துக்கு வர முடிந்ததற்கு அந்த விடுப்பும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

இந்த நாடகங்களின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். கைக்குழந்தைக்கான ஒரு நிகழ்ச்சி அரை மணி நேரத்தைத் தாண்டாது. முப்பது நாற்பது குழந்தைகளுக்கு மேல் ஓர் அறையில் சேர்த்தால் குழந்தை நடிகரைப் பார்க்காது, கூட்டத்தைப் பார்த்து அழும். நடிகர் அருகில் உட்கார வேண்டும், மெதுவாக அசைய வேண்டும், குழந்தை தவழ்ந்து மேடைக்கு வந்துவிட்டால் அதையும் நாடகமாக்கத் தெரிய வேண்டும். இந்தத் திறமை வர மாதக்கணக்கில் ஒத்திகை வேண்டும். ஆயிரம் பேர் அமரும் அரங்கில் நடக்கும் நாடகத்துக்கு ஆகும் உழைப்பே இதற்கும் ஆகும், ஆனால் நுழைவுச்சீட்டுப் பணம் வராது. பார்வையாளருக்குக் கைதட்டத் தெரியாது, விமர்சனம் எழுதத் தெரியாது, வாக்கும் கிடையாது. ஆகவே பொதுப்பணம் இல்லாமல் இந்தக் கலை பிழைக்காது. பிழைத்தால், அதைச் செய்கிற கலைஞர் தன் வயிற்றைச் சுருக்கிக்கொண்டார் என்று பொருள்.

பொதுப்பணம் வரும்போதும் அது பெரும்பாலும் திட்ட நிதியாக வருகிறது. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு. முடிந்ததும் அறிக்கை எழுத வேண்டும், அடுத்த விண்ணப்பம் எழுத வேண்டும். அந்த விண்ணப்பத்தில் 'இந்தக் கலையால் குழந்தையின் மூளை வளரும், மொழி வளரும், பள்ளிக்குத் தயாராகும்' என்று நிரூபிக்க வேண்டும். பெரியவர்களுக்கான கச்சேரிக்கு நிதி கேட்கும்போது கேட்பவரின் மூளை எத்தனை விழுக்காடு வளரும் என்று யாரும் கேட்பதில்லை. குழந்தையை நாளைய தொழிலாளியாக மட்டும் பார்க்கிற பார்வைதான் இப்படிக் கேட்கிறது. பாசிச அரசு குழந்தையில் நாளைய படைவீரனைப் பார்த்ததற்கும் இதற்கும் தூரம் இருக்கிறது, ஆனால் திசை ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு. திட்டத்துக்குத் திட்டம் தாவி வாழும் கலைஞருக்குப் பேறுகால விடுப்பு கிடையாது. ஊரார் குழந்தைகளுக்குப் பாடப் போகிறவள் தன் குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்விக்கு எந்த விண்ணப்பப் படிவத்திலும் கட்டமில்லை.

பால்வாடி

மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் வெடித்ததால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் வேலை செய்தார். அவர் வருவதற்கு முன்பே அவருடைய முறை இங்கு வந்துவிட்டது. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்காவும் தாராபாய் மோடக்கும் அதைக் கதை, பாட்டு, நாடகம் என்று இந்திய மண்ணுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கிஜுபாயை மக்கள் 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்கள். குழந்தைகளோடு இருக்கிற ஆணுக்குப் பட்டம் கிடைத்துவிடுகிறது. காலமெல்லாம் அதே வேலையைச் செய்த பெண்களுக்கு 'அம்மா' என்பது பட்டமாவதில்லை.

தாராபாய் 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். சிறுமியாகவே மணம் செய்விக்கப்பட்டு, பதின்மூன்று வயதில் கைம்பெண்ணாகி, பிறகு படித்து ஆசிரியரானவர். மாண்டிசோரியின் விலையுயர்ந்த மரக்கருவிகளை வாங்க அந்தக் கிராமத்தில் பணமில்லை. விதை, இலை, கிளிஞ்சல், களிமண் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியை அவர்கள் முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லின் வேர் அந்த முற்றங்களில் இருக்கிறது. வில்லா செல்லாவின் பெண்கள் செங்கல் பொறுக்கிய அதே ஆண்டில் இங்கே இரண்டு பெண்கள் கிளிஞ்சல் பொறுக்கினார்கள்.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அதன் சேவைகளில் ஒன்று. நம் ஊர்களில் இன்றும் அதைப் பால்வாடி என்றே சொல்கிறோம். பிள்ளை என்று பொருள்படும் 'பால்' நம் காதில் குடிக்கிற பாலாகிவிட்டது. பிழையான கேட்டலில் ஓர் உண்மையும் இருக்கிறது. அந்த மையத்தில் உணவுக்குக் கணக்கு உண்டு, எடைக்குப் பதிவேடு உண்டு. காலையில் நடக்கும் பாட்டுக்கும் கதைக்கும் பதிவேடு இருந்தாலும், அது கலை என்று எந்தக் கணக்குத் தலைப்பிலும் வருவதில்லை. பாடுகிறவரோ சட்டத்தின் மொழியில் 'கௌரவப் பணியாளர்', அவர் பெறுவது மதிப்பூதியம். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஏப்ரல் 25 வரை ஆயிற்று. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் பெறும் அங்கன்வாடி ஊழியர்கள், முறையான காலமுறை ஊதியம் கேட்டு இன்னும் வீதியில் நிற்கிறார்கள்.

தமிழிலக்கியத்துக்கும் இந்தக் கணக்கு புதிதில்லை. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியம் குழந்தையின் மூன்றாம் மாதத்தில் தொடங்கி, செங்கீரை ஆடுவது, கைகொட்டுவது, நிலவை அழைப்பது என்று மாதம் மாதமாக வளர்ச்சியைப் பாடுகிறது. கைக்குழந்தையை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்த வடிவங்கள் உலகில் அதிகம் இருக்காது. பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடிய ஒட்டக்கூத்தர் சோழர் அவைக்களப் புலவர். அந்த அவதானிப்புக்கெல்லாம் மூலமான தாலாட்டைப் பாடியவள் பெண். நாள் முழுக்கக் கூலி வேலை செய்துவிட்டு வந்து, தூளியை ஆட்டிக்கொண்டே, தன் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் விசாரணை செய்தவள். பாட்டுடைத் தலைவன் அரசனானால் பரிசில். தன் வயிற்றுப் பிள்ளையானால் ஒன்றுமில்லை. அச்சில் வந்த தாலாட்டுத் தொகுப்புகள் பலவற்றில் தொகுத்தவரின் பெயர் அட்டையில் இருக்கும், பாடியவரின் பெயர் உள்ளேயும் இருக்காது.

ஆகவே சிறு குழந்தைகளோடு வேலை செய்யும் கலைஞர்களுக்கு நிதி வேண்டும் என்று கேட்கும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நகரத்திலிருந்து ஒரு கலைஞர் நல்ல ஊதியத்தோடு வந்து பத்து நாள் பட்டறை நடத்திவிட்டுப் போக, அவருக்கு நாற்காலி எடுத்துப்போட்டு, பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, பட்டறை முடிந்ததும் தரையைக் கூட்டுகிற வேலை அங்கன்வாடி ஊழியருக்கு என்றால், பழைய படிநிலைதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ரெஜ்ஜோ எமிலியாவில் கற்க வேண்டியது பட்டறையின் வடிவத்தை அல்ல, அங்கே ஆசிரியரும் கலைஞரும் ஒரே பள்ளியின் நிரந்தரப் பணியாளர்களாக, பிள்ளைகளைப் பற்றி ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதை. கலைஞர் வந்ததால் ஆசிரியரின் மதிப்பு குறையவில்லை. அவர் செய்துகொண்டிருந்ததும் சிந்தனைதான் என்பது சுவரில் எழுதி ஒட்டப்பட்டது.

நம்மிடம் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. தோல்பாவை ஆட்டுபவர்கள், கோலம் போடுபவர்கள், கும்மி பாடுபவர்கள், பனையோலையில் கிலுகிலுப்பை முடைபவர்கள், மண்ணில் சொப்பு செய்பவர்கள் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறார்கள். சில அங்கன்வாடிகளுக்குச் சேர்த்து இப்படி ஒருவரை ஆண்டு முழுவதும் சம்பளத்தில் வைப்பதும், அதே அரசாணையில் ஊழியரின் ஊதியத்தை முறைப்படுத்துவதும் முடியாத காரியமில்லை. போரில் இடிந்துகிடந்த ஒரு நாட்டின் நகராட்சி, ஊழியரையும் கலைஞரையும் சேர்த்தே கணக்கில் எழுதியது. அதை எழுதவைக்க அங்கிருந்த பெண்களுக்கு 1945 முதல் 1963 வரை பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் அவர்கள் மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், வீதிக்கு வந்தார்கள், மறுநாள் காலையில் பள்ளியையும் திறந்தார்கள்.